கேரம் போர்டில் இல்லாத காய்கள்

எல்லோருக்கும் வணக்கம். நோட்டீஸில் 'சர்வதேச உறவுகள்: புதிய கோட்பாட்டு அணுகுமுறைகள்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி.

புதியது என்றால் பழையது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ. படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட உலகம் ஒரு கேரம் போர்டு. நாடுகள்தான் காய்கள். காய்க்குள்ளே இருப்பது ஜனநாயகமா சர்வாதிகாரமா, அங்கே யார் பட்டினி கிடக்கிறார்கள் என்பதெல்லாம் பாடத்தில் வராது. எந்தக் காய் எங்கே நிற்கிறது, எவ்வளவு கனம், எது எதை இடிக்கும் என்று தெரிந்தால் போதும். உலகத்துக்கு மேலே ஒரு போலீஸ் கிடையாது, அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத்தானே காத்துக்கொள்ள ஆயுதம் சேர்க்கும், அதைப் பார்த்துப் பயந்து பக்கத்து நாடும் சேர்க்கும், அதைப் பார்த்து இது இன்னும் சேர்க்கும். 1979இல் அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் இதை மிகக் கச்சிதமாக எழுதிவைத்தார். யதார்த்தவாதம் என்று பெயர். இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது யதார்த்தவாதிகள் "நாங்கள்தான் அப்போதே சொன்னோமே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், உட்காரட்டும்.

ஆனால் அவர்கள் பதில் சொல்லத் திணறிய ஒரு நாள் இருக்கிறது. 1988 டிசம்பர் 7. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து, ஐந்து லட்சம் படைவீரர்களை நாங்களாகவே குறைக்கிறோம் என்றார். அமெரிக்கா பதிலுக்கு எதையும் தருவதாகச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த நவம்பரில் பெர்லின் சுவர் போனது, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே போனது. கேரம் காய் யாரும் அடிக்காமலே தானாகப் போர்டை விட்டு இறங்குமா? பொருளாதாரம் நொடித்துவிட்டது, வேறு வழியில்லை என்று சமாளித்தார்கள். அதிலும் விஷயம் இருக்கிறது, சரி. ஆனால் நொடித்துப்போன எத்தனையோ அரசுகள் ஜனங்களைப் பட்டினி போட்டாவது துப்பாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் அலெக்சாண்டர் வெண்ட் என்ற சர்வதேச உறவுப் பேராசிரியர் வருகிறார். மேலே போலீஸ் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து நாடுகள் சண்டை போட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, அது நாடுகள் தங்களுக்குள் ஆக்கிக்கொள்வது என்று 1992இல் எழுதினார். 1995இல் அவர் சொன்ன கணக்கு எளிமையானது: பிரிட்டனிடம் இருக்கும் 500 அணு ஆயுதங்களைவிட வடகொரியாவிடம் இருக்கும் 5 அமெரிக்காவுக்கு ஏன் பெரிய பயம்? நம் ஊரில் இதற்குக் கோட்பாடே தேவையில்லை. மச்சான் அரிவாளோடு வந்தால் வாழைத்தார் வெட்ட வருகிறார் என்று திண்ணையில் உட்காரச் சொல்வோம், வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளி அதே அரிவாளோடு வந்தால் கதவைச் சாத்துவோம். இரும்பு ஒன்றுதான். இதற்குக் கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று பெயர், தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள், அந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை.

அப்புறம் கேரல் கோன் என்ற அமெரிக்கப் பெண்ணிய ஆய்வாளர். எனக்கு மிகவும் பிடித்த ஆள். 1984 கோடையில் அமெரிக்காவின் அணு ஆயுத வியூக வல்லுநர்கள் நடுவே போய் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார். லட்சக்கணக்கானோர் சாவதற்கு அங்கே 'பக்கவாட்டுச் சேதம்' என்று பெயர். கதிர்வீச்சு குறைவான குண்டு 'சுத்தமான குண்டு'. முதலில் அதிர்ந்தார். அப்புறம் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்டதும் பேசுவதற்கு ஜாலியாக இருந்தது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார், அதுதான் அவருடைய பெரிய நேர்மை. ஆனால் சீக்கிரமே ஒன்று புரிந்தது: அந்தப் பாஷையில் 'சமாதானம்' என்ற சொல்லே இல்லை. கிட்டத்தட்ட அதற்குப் பக்கத்தில் வருவது 'வியூக நிலைத்தன்மை', அதுவும் ஆயுத எண்ணிக்கை பற்றிய சொல். யாராவது சமாதானம் என்று வாயைத் திறந்தால், பாவம், விவரம் தெரியாத ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள். செத்தவர்களின் பக்கம் நின்று பேச அந்தப் பாஷையில் வழியே கிடையாது. ஒரு வாரம் டிவியில் போர் விவாதம் பார்த்தால் நீங்களும் இந்தப் பாஷையில் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், சோதித்துப் பாருங்கள்.

இன்னொரு பெண்ணிய ஆய்வாளர் சிந்தியா என்லோ இன்னும் நேராகக் கேட்டார்: உங்கள் சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே? தூதரின் மனைவி, ராணுவ முகாமைச் சுற்றிப் பிழைப்பவர்கள், வெளிநாட்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள். இவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்றார். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய காசு பல்லாண்டு காலமாக இலங்கையின் அந்நியச் செலாவணியைத் தாங்கியிருக்கிறது. எந்தக் கேரம் போர்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காய் இருந்தது?

இந்தத் துறை எங்கே பிறந்தது என்றால், 1919இல் வேல்ஸில், அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில், இனி போரே வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார்களே, அங்கே என்றுதான் பாடம் தொடங்கும். அழகான கதை. ஆனால் 1910இலேயே அமெரிக்காவில் 'இன வளர்ச்சி' என்ற பெயரில் ஒரு ஆய்விதழ் தொடங்கினார்கள், அது 1919இல் 'சர்வதேச உறவுகள்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1922இல் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழோடு கலந்தது. வெள்ளையர் மற்ற இனங்களை எப்படி ஆள்வது என்பதும் இந்தத் துறையின் பிறப்புக் கேள்விகளில் ஒன்று. முதல் உலகப் போரின் வேர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டதில் இருக்கிறது என்று 1915இலேயே கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் எழுதினார், எனக்கு யாரும் அதைப் பாடமாக வைக்கவில்லை. 2014இல் சர்வதேச ஆய்வுச் சங்கத்தின் தலைவரான அமிதாவ் ஆச்சார்யா, இந்தியாவில் பிறந்தவர், உலகத்தின் எல்லாப் பக்கத்து வரலாறும் இதற்குள் வரவேண்டும் என்று வாதாடுகிறார்.

உடனே நம்மவர்கள் சிலர் அர்த்தசாஸ்திரக் கௌடில்யரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன், பார்த்தீர்களா, நாங்கள் அன்றைக்கே சொல்லிவிட்டோம் என்பார்கள். ஐயா, அது அதே கேரம் போர்டுதான், ஓரத்தில் நம் ஊர்ச் சித்திரவேலை செய்திருக்கிறோம்.

இப்போது நம் வாசலுக்கே வருகிறேன், பாக் நீரிணை. கோபன்ஹேகனில் பாரி புசான், ஓலே வேவர் என்று இருவர் ஒன்று சொன்னார்கள்: ஒரு விஷயம் 'பாதுகாப்புப் பிரச்சினை' ஆவது, அதிகாரத்தில் இருப்பவர் அப்படிச் சொல்லி, கேட்பவர்கள் ஏற்றுக்கொள்வதால்தான். சொன்ன பிறகு சாதாரண வழிமுறைகள் ஒதுங்கிவிடும், கடற்படை வந்துவிடும். இறால் ஏற்றுமதிக்காக அரசே ஊக்கம் கொடுத்து வளர்த்தவைதான் தமிழ்நாட்டின் இழுவைமடி விசைப்படகுகள், கடலடியையே வாரி இழுக்கும் வலைதான் இழுவைமடி. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. போர் நடந்த காலத்தில் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போகவே தடைகள், 2009க்குப் பிறகு திரும்பி வந்தால் அவர்கள் விரித்த வலையை இந்தப் பக்கத்து மடி அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள், இரண்டு பக்கமும் கடன்பட்டவர்கள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. கேரம் போர்டில் பார்த்தால் இந்தியா, இலங்கை என்று இரண்டு காய், எல்லை மீறல், கைது, கண்டனம், அவ்வளவுதான் தெரியும். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு தரப்பு மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து, இழுவைமடியைக் கைவிட எத்தனை காலம் வேண்டும் என்று பேசினார்களே, அதை வைக்க அந்தப் போர்டில் இடமில்லை. பேச்சு முறிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் தகராறு எதைப் பற்றியது என்பது அந்த அறையில்தான் வெளிப்படையாகப் பேசப்பட்டது.

கேள்வி நேரத்தில் முதலில் கச்சத்தீவுதான் வரும், எனக்குத் தெரியும். அதைத் திரும்ப வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். அது 285 ஏக்கர். படகுகள் அதைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் போகின்றன, மீன் அங்கே இருப்பதால். தீவு யார் கைக்கு வந்தாலும் அங்கே நெடுந்தீவுக்காரர் வலை விரித்திருப்பார். இனி நீங்கள் கேளுங்கள், மைக்கைப் பின்வரிசைக்கு முதலில் கொடுங்கள்.