செம்பனையின் சிவப்பு எவ்வளவு கரையும்?

அவையோருக்கு வணக்கம். இந்தப் பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து நிபோங் திபால் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள்தாம். அந்தப் பழத்தின் கச்சா எண்ணெய்க்குச் சிவப்பைக் கொடுப்பது கரோட்டின். கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் இருக்கும். வழக்கமான சுத்திகரிப்பில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. அதை மீட்க ஒரு வழி கரியமிலவாயு. 31.1 டிகிரி செல்சியசையும் 73.8 பார் அழுத்தத்தையும் தாண்டினால் அது மீமாறுநிலைப் பாய்மம், அதாவது வாயு என்றோ திரவம் என்றோ பிரிக்க முடியாத நிலை.

அதில் கரோட்டின் எவ்வளவு கரையும்? ஒரு கிலோ கரியமிலவாயுவில் சில மில்லிகிராம் கரைந்தாலே பெரிது. அளவு இவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் சின்னப் பிழையும் முடிவைக் கெடுத்துவிடுகிறது.

அளக்கும் முறை இது: கரோட்டின் நிறமித்தூள் நிரப்பிய குழாய் வழியே வாயுவைப் பம்பால் செலுத்தி, கரைந்து வருவதை அளக்கிறோம். தூளைக் கண்ணாடி மணிகளோடு கலந்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் தூள் கட்டிதட்டி, வாயு ஒரே தடத்தில் ஓடிவிடும். இரு முனைகளிலும் கண்ணாடிப் பஞ்சு வையுங்கள். பம்பின் தலையைக் குளிர்விக்காவிட்டால் உள்ளே வாயுக்குமிழி உண்டாகி ஓட்டம் தடுமாறும். தொல்லை அதிகம் வெளியேற்று வால்வில்தான். அழுத்தம் சட்டென்று குறையும் அந்த இடத்தில் உலர்பனி உறைகிறது, நிறமியும் படிந்து அடைக்கிறது. வால்வைச் சூடாக்குங்கள். அதற்குப் பின்னுள்ள குழாயின் உட்சுவரில் ஆரஞ்சுப் படலம் ஒட்டியிருக்கும். அதையும் கரைப்பானால் கழுவிக் கணக்கில் சேர்க்காவிட்டால் கரைதிறன் குறைவாகவே காட்டும். சேர்த்த நிறமியை ஒளி உறிஞ்சலால் அளக்கலாம்: பெட்ரோலிய ஈதரில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருந்தால், 450 நானோமீட்டர் அருகே 1 சென்டிமீட்டர் கலத்தில் உறிஞ்சளவு சுமார் 0.26.

பிறகு வாயுவின் ஓட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். செறிவு ஏறினால், முன்பு எடுத்தது நிறைவுற்ற அளவே அல்ல.

இனி, கரைதிறனைக் கணிக்கும் கணித மாதிரி. 1982இல் கிராஸ்டில் என்ற ஆய்வாளர் தந்த சமன்பாட்டுக்கு வாயுவின் அடர்த்தியும் வெப்பநிலையும் போதும். 200 பாரில் 40 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 840 கிலோவிலிருந்து 724க்கு இறங்கும். நிறமியின் ஆவியழுத்தமோ ஏறும். எது வெல்கிறது என்பதை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. அழுத்தம், வெப்பநிலை, பருமன் மூன்றையும் இணைக்கும் பெங்-ராபின்சன் சமன்பாட்டுக்கு நிறமியின் மாறுநிலை வெப்பநிலை வேண்டும். அந்தச் சூட்டை எட்டும் முன்பே கரோட்டின் சிதைந்துவிடுவதால் மதிப்பீட்டு எண்ணைத்தான் போட வேண்டியிருக்கும். ஆகவே கிராஸ்டிலில் தொடங்குவதே என் பரிந்துரை. ஆனால் மடக்கை வரைபடத்தில் கோடு அழகாகப் பொருந்துகிறதே என்று மயங்காதீர்கள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தாலும் கோடு அப்படியேதான் பொருந்தும்.

இன்னொன்று. தூய கரோட்டினின் எண்ணைச் செம்பனை எண்ணெய்க்கு அப்படியே போடக் கூடாது. எண்ணெய் கரோட்டினைவிடப் பல மடங்கு கரைந்து முன்னே வெளியேறும். கரோட்டினில் பெரும்பங்கு எச்சத்தில் தங்கும். எண்ணெயோடு சேர்த்துத் தனியாக அளந்தே ஆகவேண்டும்.