மடியில் வந்த குப்பை

பெரியோர்களே, தாய்மார்களே, வலைப்பணியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது கரையில் இருப்பவன் சொன்ன பழமொழி. கடலில் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கனத்தால் சந்தோஷம்தான். வலை இழுக்கிற வின்ச் முனகுகிற சத்தத்திலேயே இன்றைக்கு மீன்பாடு எப்படி என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். இப்போது அந்தக் கணக்குத் தப்பிப்போகிறது. அவிழ்த்துக் கொட்டினால் நாலு கூடை மீன். கூடவே பால் கவர், ஒற்றைச் செருப்பு, குளிர்பானப் பாட்டில், யாரோ அறுத்துவிட்ட நைலான் வலை. மீனைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை என்ன செய்வோம்? சிரிக்காதீர்கள், எல்லோரும் செய்ததுதான். மறுபடியும் கடலிலேயே தள்ளுவோம்.

இதற்காக நம்மைத் திட்டுகிற கூட்டங்கள் நிறைய நடந்துவிட்டன. நானும் ஒன்றில் கைநீட்டி உறுதிமொழி எடுத்தேன். முடிந்ததும் டீ கொடுத்தார்கள், பிளாஸ்டிக் கப்பில்.

சரி, தள்ளாமல் கரைக்குக் கொண்டுவந்தால்? வாங்க ஆளில்லை. சேறும் உப்பும் சிப்பியும் ஒட்டிய பாட்டிலை பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைக்காரர் தொடமாட்டார். சிக்கல் மீனவனின் மனதில் இல்லை, துறைமுகத்தில் இருந்தது.

இதைப் புரிந்துகொண்டு செய்த வேலையென்று கொல்லத்துக்குப் பக்கத்து நீண்டகரையைச் சொல்வேன். 2017-இல் கேரள அரசு அங்கே 'சுசித்வ சாகரம்', அதாவது தூய்மைக் கடல், என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மீன்வளத்துறை அமைச்சர் மெர்சிக்குட்டி அம்மா, அதே மாவட்டத்துக் குண்டறா தொகுதிக்காரர். படகுக்குப் பை கொடுத்தார்கள். வலையில் வந்த பிளாஸ்டிக்கை அதில் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் மீனவன் வேலை. மிச்சம் துறைமுகத்தில். மீனவக் குடும்பத்துப் பெண்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள், கழுவினார்கள், காயவைத்தார்கள். அப்புறம் எந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டித் தார்ச்சாலைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சாலை வித்தை நம் மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டது. 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொதிக்கிற ஜல்லிமேல் பிளாஸ்டிக் துண்டைத் தூவினால் உருகி மேலே படிந்துகொள்ளும், அதன்மேல் தார். சாலை தேய்ந்தால் அதுவும் தூளாகிக் கடலுக்குத்தானே வரும் என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஆக்கர் கடைக்காரர் தொடாத குப்பைக்கு அன்றைக்குக் கிடைத்த வழி அது.

நீண்டகரையில் முதல் 10 மாதத்தில் 25 டன் பிளாஸ்டிக் கரையேறியது. கடல் அளவுக்கு இது கடுகு. ஆனாலும் அந்தக் கடுகைப் பொறுக்க ஆள் வைத்து, கூலி கொடுத்து, இடமும் கொடுத்தது அரசு.

பாட்டிலைப் பொறுக்கலாம். இதை எப்படிப் பொறுக்குவது? இந்தக் குப்பியைக் கொஞ்சம் கை மாற்றிப் பாருங்கள். ஜவ்வரிசி மாதிரி இருக்கிறதா? பிளாஸ்டிக் சாமான் செய்கிற மூலக்குருணை. 2025 மே 25-ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு கொச்சிக் கடலில் மூழ்கியது. சில நாளில் இந்தக் குருணை திருவனந்தபுரம் தாண்டி நம் குமரிக் கரைக்கும் வந்துவிட்டது. அலை விட்டுப்போன கோட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. மணலோடு அள்ளிச் சல்லடையில் சலித்தால் மணல் இறங்கும், குருணை நிற்கும். ஈரமணலாக இருந்தால் அதுவும் இறங்காது. ஒரு முழம் சலித்து நிமிர்வதற்குள் அடுத்த அலை இன்னொரு கை போட்டுவிட்டுப் போகும். இங்கே சம்பளமும் கிடையாது, சாலையும் கிடையாது.

மீன் கூடையோடு தெருவில் போன பெண்களிடம், "கப்பல் மீனா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கேரள அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் அறிவித்தது. அரிசியை நான் குறை சொல்லவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் கப்பல் நிறுவனத்திடம் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞம் துறைமுகத்தில் பிடித்துவைக்கவும் உத்தரவு வந்தது. கடன்காரன் வீட்டு மாட்டை அவிழ்த்துவந்து கட்டுகிற மாதிரி!

அதற்காக நாளைக்கே பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. ஏறக்குறைய 1,680 டன் குருணை, இதே குருணைதான். நீர்கொழும்புப் பக்கம் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை. கப்பல் கம்பெனி 100 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். நாலு வருஷம். அதற்குள் அந்த மீனவர்கள் எத்தனை தடவை வட்டி கட்டியிருப்பார்கள்!

அதனால் நம் துறைமுகத்துக்கு நான் கேட்பது இரண்டுதான். படகு கொண்டுவரும் குப்பையைச் சம்பள ஆள் வைத்து வாங்கிக்கொள்ள ஒரு கொட்டகை. கப்பல் விபத்து என்று சேதி வந்த அன்றே, எந்தப் படகு எத்தனை நாள் போகவில்லை, மீன் என்ன விலைக்குப் போனது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு. வழக்கு நடக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

குப்பி எங்கே போனது? பின்வரிசையிலா? குழந்தை கையில் கொடுக்காதீர்கள் அம்மா, ஜவ்வரிசி என்று வாயில் போட்டுவிடும். மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுங்கள், நாளைக்கு அடுத்த ஊரில் காட்ட வேண்டும்.