270 அடி இறக்கம்: யேட்ஸ் கவுண்டியில் ஒரு நாள் நடை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நியூ ஜெர்சியிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து, இப்போது பென் யான் என்ற ஊரில் நிற்கிறேன். நியூயார்க் மாநிலம்தான். ஆனால் நியூயார்க் என்றதும் மனதில் எழும்புகிற கட்டடங்களை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே இருப்பது சோளக்காடு, திராட்சைத் தோட்டம், மாட்டுத் தொழுவம், அப்புறம் ஏரி. இந்த யேட்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதும் சேர்த்து 2020 கணக்கெடுப்பில் 24,774 பேர். நம்மூரில் ஒரு சுமாரான பேரூராட்சி அளவுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத் தோண்டி ஆழமாக்கிவிட்டுப் போயின. அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நின்று, வடக்குத் தெற்காக நீளநீளமாகப் பதினொரு ஏரிகள். வரைபடத்தில் விரல்கள் மாதிரி தெரிவதால் ஃபிங்கர் லேக்ஸ். யேட்ஸ் கவுண்டிக்கு அதில் மூன்றின் கரை கிடைத்திருக்கிறது. மேற்கே கனன்டைகுவா, கிழக்கே செனெகா, நடுவில் கியூகா. மற்ற ஏரிகள் எல்லாம் விரல் மாதிரி நேராக இருக்க, கியூகா மட்டும் உண்டிவில் கவட்டை மாதிரி பிரிந்து கிடக்கிறது. பழைய வரைபடங்களில் அதன் பெயரே கோணல் ஏரி, க்ரூக்கட் லேக். கவட்டைக்கு நடுவே துருத்தி நிற்கும் மலைதான் ப்ளஃப் பாயிண்ட்.

கியூகாவின் நீர்மட்டம் செனெகாவைவிட சுமார் 270 அடி உயரம். இரண்டுக்கும் நடுவே ஏழு மைல்தான். கியூகாவின் தண்ணீர் பென் யானில் வெளியேறி, ஓர் ஓடையாக விழுந்து புரண்டு, டிரெஸ்டன் என்ற ஊரில் செனெகாவில் சேர்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை வெறுமனே ‘அவுட்லெட்’ என்கிறார்கள். இன்றைக்கு அதன் கரையோடு கடைசி வரை நடக்கப் போகிறேன். இந்தக் கவுண்டியின் கதையில் பாதி இந்த ஓடைக்கரையில்தான் நடந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால், கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். சுவரில் மாட்டியிருப்பது தோசைக்கல்! பாதிக் கல் என்று சொல்ல வேண்டும். 1987 செப்டம்பரில் இந்த ஊர்க்காரர்கள் 28 அடி அகலத்தில் ஒரு பான்கேக் சுட்டு உலக சாதனை செய்தார்கள். அந்தக் கல்தான் மில் சுவரில் தொங்குகிறது. மாவு பக்வீட் மாவு. பெயரில் வீட் இருக்கிறதே தவிர கோதுமைக்கும் அதற்கும் சொந்தமே கிடையாது, முக்கோண விதை. இந்த பர்க்கெட் மில் 1797-லிருந்து ஓடுகிறது. அத்தனை பெரிய தோசையை எப்படித் திருப்பிப் போட்டார்கள் என்பதுதான் என் மண்டையைக் குடைகிறது.

பென் யான் என்ற பெயர் ஏதோ சீனப் பெயர் மாதிரி ஒலிக்கிறது, இல்லையா? பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்களும், யாங்கிகள் என்று அழைக்கப்பட்ட வடகிழக்கு நியூ இங்கிலாந்துக்காரர்களும் இங்கே குடியேறி, ஊர்ப் பெயருக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் பென்சில்வேனியாவில் பாதி, யாங்கியில் பாதி. கவுண்டியின் பெயர் அதைவிடச் சப்பை. 1823-ல் பிரித்தபோது ஜோசப் யேட்ஸ் ஆளுநராக இருந்தார், அவ்வளவுதான்.

சரி, நடக்க ஆரம்பித்துவிட்டேன். வெள்ளைக்காரர்களின் இந்தச் சண்டைக்கெல்லாம் முன்னால் இது செனெகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். தங்களைப் ‘பெருங்குன்றின் மக்கள்’ என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குன்று என்று பலரும் காட்டுவது இந்தக் கவுண்டியின் மேற்கு ஓரத்தில், கனன்டைகுவா கரையில் இருக்கும் பேர் ஹில். ஒரு பெரும் பாம்பு குன்றையே சுற்றி வளைத்து மக்களை விழுங்கியதாம். ஒரு சிறுவன் அம்பெய்து அதைக் கொன்றானாம். அது புரண்டு விழுந்த தடத்தில்தான் மரமே முளைக்கவில்லையாம். 1779-ல் ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவில் ஜெனரல் சல்லிவன் படையோடு வந்து, இந்தப் பகுதி முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தினார். விளைந்து நின்ற சோளத்தை எரித்தார்கள், பழ மரங்களை வெட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் ‘காலி நிலம்’ என்று எழுதியதெல்லாம் அப்படிக் காலியாக்கப்பட்ட நிலம்.

இதோ அருவி. சத்தம் கேட்கிறதா? இங்கே கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன், சொல்ல வேண்டிய முக்கியமான ஆள் இங்கேதான் வருகிறார்.

ரோட் ஐலண்டில் 1752-ல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஜெமைமா வில்கின்சன் என்ற பெண் பிறந்தார். 1776-ல், 23 வயதில், கடும் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்ததும் சொன்னது: ஜெமைமா இறந்துவிட்டாள், இந்த உடம்பில் இப்போது இருப்பது கடவுள் அனுப்பிய ஆவி, அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. பெயர், பப்ளிக் யுனிவர்சல் ஃப்ரெண்ட். எல்லோருக்கும் பொதுவான தோழர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கிடையாது. பாதிரிமார் அங்கி மாதிரி நீள அங்கி போட்டுக்கொண்டு, குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம்.

இவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘ஹி’யா ‘ஷி’யா என்று இன்றைக்கும் திணறுகிறார்கள். நான் இவ்வளவு நேரம் ‘அவர்’, ‘இவர்’ என்றே பேசிக்கொண்டிருக்கிறேன், ஓர் இடத்திலும் இடறவில்லை. தமிழில் மரியாதை கொடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அவரை நம்பியவர்கள், உலகத்தின் கண் படாத இடத்தில் தங்களுக்கென்று ஊர் வேண்டும் என்று 1788-ல் இந்த ஓடைப் பக்கம் வந்தார்கள். 1790-ல் ஏறத்தாழ 260 பேர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்: தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற இடம். சக்கரம் பூட்டி மாவு மில் வைத்தார்கள். மேற்கு நியூயார்க்கின் முதல் மாவு மில் இதுதான். மற்ற குடியேறிகள் கோதுமையைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வர வேண்டியிருந்தது. ஒதுங்கி வாழ வந்தவர்களின் வாசலில் ஊரே வந்து நின்றது! நிலத் தகராறும் கிளம்ப, ஃப்ரெண்ட் 1794-ல் இன்னும் உள்ளே போய், ஜெருசலேம் என்று பெயர் வைத்த இடத்தில் தங்கினார். அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது, அவருக்குக் கட்டிய வீடும் நிற்கிறது. அதே ஆண்டு கனன்டைகுவாவில் அமெரிக்க அரசும் செனெகா உள்ளிட்ட ஆறு இனக் கூட்டமைப்பும் ஒப்பந்தம் பேசியபோது இவரும் போய்ப் பேசியிருக்கிறார். அந்த ஒப்பந்தப்படி அரசு கொடுக்க வேண்டிய துணி இன்று வரை ஆண்டுதோறும் போகிறது.

கடைசியில் உயில் எழுதியபோது சட்டத்துக்குப் பழைய பெயர் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு சிலுவைக் குறி மட்டும். 1819-ல் போய்ச் சேர்ந்தார். பிரம்மச்சரியத்தை உயர்வாகப் பேசிய கூட்டம், பிள்ளைகள் குறைவு. மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

எழுந்துகொள்கிறேன், கால் மரத்துவிட்டது. இந்த நடைபாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது தெரியுமா? இது முதலில் வாய்க்கால். 1833-ல் இரண்டு ஏரிகளையும் இணைத்துப் படகு விட்டார்கள். 270 அடியைப் படகு எப்படி இறங்கும்? வழியெங்கும் மதகுத் தொட்டிகள். படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை வடித்து, அடுத்த தொட்டிக்கு இறக்க வேண்டும். வாய்க்காலின் நீளம் எட்டு மைல், அதற்குள் 25-க்கும் மேல். வந்த வருமானம் செலவுக்கே கட்டவில்லை, 1877-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் அதே கரையில் ரயில் ஓடியது. 1972-ல் ஆக்னஸ் புயல் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் கைவைத்துச் சீர்படுத்தியதால் இன்று நாம் நடக்கிறோம். ஓரத்தில் காகித ஆலைகளின் இடிந்த சுவர்கள், புதர் மண்டிக் கிடக்கின்றன.

ஒரு நிமிடம், கேமராவைக் கீழே இறக்குகிறேன்.

சரி. இரண்டு பையன்கள் சைக்கிளில் போனார்கள், வைக்கோல் தொப்பி, தோளில் வார் மாட்டிய கால்சட்டை. மென்னனைட் பிள்ளைகள், பழைய பாணியில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் நிலத்தின் விலை ஏறிப்போனதால் 1970-களில் இருந்து இங்கே வரத் தொடங்கினார்கள். இன்று இந்தக் கவுண்டியின் பண்ணைகளுக்கு உயிர் கொடுத்திருப்பவர்களில் பெரும்பங்கு இவர்களுக்கு. வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன் பேசுகிறார்கள். கார் கூடாது, குதிரை வண்டிதான். ஆனால் வீட்டில் கரண்ட் உண்டு, வயலில் டிராக்டர் உண்டு. அந்த டிராக்டருக்கு ரப்பர் டயர் மட்டும் கிடையாது, இரும்புச் சக்கரம். ரப்பர் போட்டால் அதையே கார் மாதிரி ரோட்டில் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமே! எனக்கு அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால், கையில் இந்த கேமராவை வைத்துக்கொண்டு நான் சிரிக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

டிரெஸ்டன் வந்துவிட்டது. எதிரே செனெகா. 618 அடி ஆழம், குளிர்காலத்திலும் முழுவதும் உறைவது அபூர்வம். கோடை வெப்பத்தை அத்தனை நாள் பிடித்து வைத்திருப்பதால்தான் இந்தச் சரிவுகளில் திராட்சை பிழைக்கிறது. அமெரிக்கக் கடற்படை இந்த ஆழத்தில்தான் சோனார் கருவிகளைச் (ஒலியை வைத்து நீருக்கடியில் தேடுபவை) சோதிக்கிறது. கடலே இல்லாத ஊரில் கடற்படை! பக்கத்திலேயே பழைய நிலக்கரி மின் நிலையம், இப்போது எரிவாயுவில் ஓடி பிட்காயின் தோண்டுகிறது. ஏரிக்காக அதை எதிர்த்துப் பலகை வைத்த வீடுகளும் பார்த்தேன்.

இந்த வெள்ளை வீட்டைப் பாருங்கள். ராபர்ட் இங்கர்சால் பிறந்த வீடு. வாய்க்கால் திறந்த அதே 1833-ல். அப்பா பாதிரியார். மகன், கடவுள் இருப்பதற்கு ஆதாரம் எங்கே என்று மேடை மேடையாகக் கேட்டு, காசு கொடுத்து ஜனங்கள் கேட்கும் பேச்சாளரானார். ஓடையின் நடுவழியில் கடவுள் அனுப்பியதாகச் சொன்னவரின் மில், கடைசி முனையில் இவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஊர் மாறிவிட்டது என்பதால் இரண்டையும் ரொம்ப முடிச்சுப் போட விரும்பவில்லை.

பேட்டரி சிவப்பில் இருக்கிறது. கார் பென் யானில் நிற்கிறது. இப்போது அதே ஏழு மைல், 270 அடி ஏற்றம். வருகிறேன் மக்களே.