பேரைத் தீர்மானிக்கிறது ஊர் வாய்தான்!

நடுவர் ஐயாவுக்கும், முன்னால பாய் போட்டு இருக்கிற அம்மாமாருக்கும், பின்னால மோட்டச்சைக்கிள்ல சாய்ஞ்சுகொண்டு கேக்கிற தம்பிமாருக்கும் வணக்கம். ஒரு ஆளுக்குப் பேர் எடுத்துக் குடுக்கிறது அவற்ற நடத்தையா, ஊர் வாயா, இதுதான் தலைப்பு. எதிரணித் தங்கச்சி வந்து ஒழுங்கா நடந்தாப் பேர் தானா வரும் எண்டு சொல்லிட்டு கைதட்டும் வாங்கிட்டுப் போட்டா. நானும் தட்டினனான், நல்லாத்தான் பேசினவ. ஆனா அது நடக்காத கதை.

நாங்கள் இல்லாத இடத்தில எங்களைப் பற்றி என்ன கதைக்கினமோ அதுதான் ஐயா பேர். கலியாணத்துக்கு விசாரிக்கிறதப் பாருங்கோ. பெடியன்ர வீட்டில போய் ஆரும் விசாரிக்கிறேல்ல, சந்திக் கடைக்குத்தான் போவினம். ஒரு சோடா வாங்கிக் குடிச்சுக்கொண்டு, அண்ணே அந்த ரெண்டாவது ஒழுங்கைப் பெடியன் ஆள் எப்பிடி எண்டு மெல்லமாக் கேப்பினம். முதலாளி பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார், தராசில இருந்து கண்ண எடுக்காம "ம்ம்... பரவாயில்ல..." எண்டு ஒரு இழுவை இழுப்பார். அவ்வளவுதான், சம்பந்தம் முடிஞ்சுது. பெடியன் குடிக்கிறேல்ல, சண்டை சச்சரவுக்குப் போறேல்ல, முதலாளிக்கு அவன்ர தேப்பனோட வேலிப் பிரச்சினை, அதுக்குத்தான் அந்த இழுவை! இதுக்குள்ள நடத்தை எங்க வந்துது தங்கச்சி?

சரி, ஒரு பெடியன்ர கதைய விடுவம், எங்கட ஊர் திருகோணமலையையே எடுப்பம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. குண்டு வெடிச்சது கொழும்புப் பக்கம், நீர்கொழும்பில, மட்டக்களப்பில. திருகோணமலையில ஒண்டும் வெடிக்கேல்ல. எங்கட சீசனே அதுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும், கடல் அடங்கி புறாமலைத் தீவுக்கு போட் ஓடுற காலம். 2018 மே மாதம் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணியள் 1,29,000 சொச்சம், 2019 மேயில 38,000 கூட இல்ல. நிலாவெளிக் கடல் என்ன பிழை விட்டது, உப்புவெளியில ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டவர் என்ன நடத்தை கெட்டவர்? இலங்கைக்குப் போறது ஆபத்து எண்டு வெளிநாட்டு அரசாங்கங்கள் ஒரு சொல்லுச் சொல்லிச்சுது, நீர்கொழும்பு எங்க நிலாவெளி எங்க எண்டு மப்ப விரிச்சுப் பாக்க ஆருக்கு நேரம், புக்கிங்க கான்சல் பண்ணிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டினம். இவை ரூமைக் கூட்டித் துடைச்சு பெட்சீற் மாத்திப் போட்டு வாசல்ல இருந்து ரோட்டப் பாத்ததுதான் மிச்சம்.

உண்மை ஒரு நாள் வெளியில வரும் எண்டவ தங்கச்சி. வரும், ஆர் இல்லையெண்டது. புரட்டாதியும் முடிஞ்சு கடல் குழம்பத் தொடங்கினாப் பிறகு வந்தா, போட்காரன் லீசிங்காரனுக்கு என்ன சொல்லுறது?

நடத்தையே வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்ல, மனிசி முன் வரிசையில இருக்கிறா. நான் கேக்கிறது முடிவு ஆற்ற கையில எண்டுதான்.

லீசிங் எண்டோன்னதான் ஞாபகம் வருது, இந்தக் கிறிப். 1990இல வந்த சட்டத்தால உண்டான கடன் தகவல் பணியகம். அது ஒருத்தரையும் கறுப்புப் பட்டியல்ல போடுறேல்ல, லோன் குடு, குடுக்காத எண்டும் சொல்லுறேல்ல, ஆர் எவ்வளவு எடுத்து எப்பிடிக் கட்டினவர் எண்ட விபரத்த மட்டும் வச்சிருக்கு, முடிவெடுக்கிறது வங்கி. ஆனா ஊருக்குள்ள கேட்டுப் பாருங்கோ, "அவர் கிறிப்ல விழுந்திட்டார்" எண்டுவினம், என்னவோ கிணத்துக்க விழுந்த மாதிரி! பிறகென்ன, ஒழுங்கைச் சீட்டுக்கும் ஆளச் சேக்க யோசிப்பினம். பழைய நிலுவையை அவர் முழுக்கக் கட்டி முடிச்சாலும் அந்தக் கதை மட்டும் தேத்தண்ணிக் கடையில ஓடிக்கொண்டே இருக்கும், கட்டி முடிச்சிட்டாராம் எண்டு ஆரும் ஓடி வந்து சொல்ல மாட்டினம், அதில என்ன ருசி இருக்கு.

மணி அடிச்சிட்டியள், இருக்கிறன் ஐயா. எதிரணியில அடுத்துப் பேச வாற அண்ணன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் தொடங்கட்டும். கூட்டாளிக்காகப் பிணைக் கையெழுத்து வச்சவர் ஒரு வாத்தியார், கூட்டாளி கட்டாம வெளிநாட்டுக்குப் போயிட்டான், கடன் இப்ப வாத்தியாற்ற பேர்லயும் நிக்குது. அவர் வீடு கட்ட லோன் கேட்டு வங்கி மேசைக்கு முன்னால இருக்கேக்க, தன்ர எந்த நடத்தையக் காட்டி அந்தப் பேரை மாத்துவார்?