தண்ணீர் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள்

(திரையில்: பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. கடிகாரத்தில் இரவு 2 மணி.)

36 வாரக் கர்ப்பிணி ஒருவர் எழுந்து உட்கார்கிறார். படுக்கை நனைந்திருக்கிறது. வலி இல்லை. "விடியட்டும் கண்ணு, வலி வந்தப்புறம் போவோம்" என்கிறார் அம்மா.

அம்மா அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பனிக்குடம் உடைந்ததுமே கதவு திறந்துவிட்டது. பிறப்புறுப்பில் சாதாரணமாக வாழும் கிருமிகள் அந்த வழியாக மேலே ஏறலாம். ஈ-கோலையும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இதில் அடிக்கடி அகப்படுபவை. பனிக்குடச் சவ்வு, உள்ளே இருக்கும் நீர், நஞ்சு (நஞ்சுக்கொடி) எல்லாவற்றையும் அவை பிடித்துக்கொள்ளும்.

(திரையில்: கீழிருந்து மேலே நகரும் புள்ளிகள்.)

லிஸ்டீரியா என்ற கிருமி வேறு ரகம். உணவோடு வயிற்றுக்குள் போய், இரத்தம் வழியாக நஞ்சை அடையும். ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். நன்றாகச் சூடாக்கினால் சாகும். மிஞ்சிய கறியை ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

சரி, நம் கர்ப்பிணிக்கு வருவோம். முதலில் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுத்தமான பேட் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்: சிறுநீரை அடக்க முடியும், பனிக்குட நீரை அடக்க முடியாது. பச்சை நிறமா, கெட்ட வாடையா என்றும் கவனியுங்கள். அப்புறம் பிங்க் புத்தகத்தை (கர்ப்பகாலப் பதிவேடு) எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலா, ரெண்டு பெனடோல் போட்டுப் படுக்கலாம் என்ற யோசனை வேண்டாம். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது.

மருத்துவமனையில் காய்ச்சல், தாயின் நாடி, குழந்தையின் இதயத் துடிப்பு மூன்றையும் பார்ப்பார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டி நின்றால் யோசிக்க வைக்கும். உள்ளே கைவிட்டு அடிக்கடி பார்க்கவில்லையே என்று கோபப்படாதீர்கள். கை போகப் போகக் கிருமி ஏறும் வாய்ப்பும் கூடும்.

தொற்று என்று தெரிந்தால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளை நரம்பு வழியே ஏற்றுவார்கள். ஆனால் மருந்து மட்டும் போதாது, குழந்தை வெளியே வந்தாக வேண்டும். அதற்காக சிசேரியன் கட்டாயம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சுகப்பிரசவமே ஆகும்.

பிறகு நஞ்சை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சவ்வில் வெள்ளையணுக்கள் குவிந்திருப்பது நுண்ணோக்கியில்தான் தெரியும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் போல நீங்களும் அதைக் கொண்டுபோய்ப் புதைக்க நினைத்தால், பிரசவ அறையிலேயே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.