அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்காத லேப்டாப்

நேயர்களுக்கு வணக்கம்.

"ராத்திரி அப்டேட் ஓடிச்சு, காலையில லேப்டாப் எழுந்திருக்கவே இல்ல." புதுச்சேரிக் கடையானாலும் கடலூர் லாரன்ஸ் ரோடு கடையானாலும் மாதாமாதம் வருகிற புகார் இது. மாதாமாதம் வருவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியாகிறது. அமெரிக்காவில் அப்போது காலை, நமக்கு இரவு. புதன், வியாழனில் புகார் கிளம்பும்.

புகாருக்குப் பல இடங்களில் கிடைக்கிற பதில், "ஃபார்மேட் போட்டுடலாம்." அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் கடைசி வேலை, பெரும்பாலும் தேவைப்படாத வேலை.

முதலில், லேப்டாப் நின்றுவிட்டதா, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் அப்டேட் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சதவீதம் ஒரே எண்ணில் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுக்கினால் கை வைக்காதீர்கள், நடுவில் அணைத்தால்தான் கெடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் மழை நாளில் அப்டேட்டைத் தொடங்கவே வேண்டாம்.

திரும்பத் திரும்ப அணைந்து எழுகிறது, அல்லது விண்டோஸ் விழும்போது காட்டுகிற நீலத்திரை வருகிறது என்றால் கதை வேறு. புது விண்டோஸ் 11-இல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, விஷயம் அதேதான். பென்டிரைவ், பிரின்டர், டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மாட்டிப் போட்டுப் பாருங்கள். சில லேப்டாப் இதிலேயே சரியாகும்.

ஆகவில்லையா? போட்டதும் கம்பெனி லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றும். அப்போது பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் அடுத்த முறை விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழுகிற சேஃப் மோடுக்கோ, கட்டளையைத் தட்டச்சு செய்கிற கமாண்ட் பிராம்ப்ட்டுக்கோ போகப் பார்த்தால் 48 இலக்க எண் கேட்கும். சில சமயம் அப்டேட் முடிந்ததுமே கேட்கும். அதுதான் பிட்லாக்கர் ரெகவரி கீ, அதாவது டிஸ்க்கைப் பூட்டுகிற விண்டோஸ் வசதியின் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கிய புது லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. லேப்டாப்பில் டி.பி.எம். என்று ஒரு சிப் உண்டு. லேப்டாப்பை எழுப்புகிற பயாஸ் அல்லது பூட் கோப்புகள் மாறினால் அது சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். அப்டேட் மாற்றுவதும் அவற்றைத்தான். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் இந்தத் திரை வந்தது.

அதே ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினார்கள், ஆனால் காரணம் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. மருந்து எளிது: சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த கணினிகளில் அந்தச் சின்ன வேலைக்கும் முதலில் 48 இலக்கம் வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் பல அலுவலகங்கள் அல்லாடின.

அந்தச் சாவி எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கினீர்களோ அந்தக் கணக்கில். போனிலேயே அதில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் ரெகவரி கீயைப் பார்க்கலாம். பல சாவிகள் இருந்தால், திரையில் காட்டுகிற கீ ஐ.டி.யோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் கணினிப் பிரிவில் கேளுங்கள். வாங்கின அன்று கடைக்காரரே தன் கணக்கைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கே பார்த்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால், லேப்டாப் திறக்காத அன்று அதையும் பார்க்க முடியாது. சாவி இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது, கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும்தான்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று இருக்கும். மாதாந்திர அப்டேட்டா, ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டா என்று பார்த்து, கடைசியாக வந்ததை எடுங்கள். பெரியதைத் திரும்பப் பெற 10 நாள்தான் அவகாசம், பிறகு பழைய விண்டோஸ் அழிந்துவிடும். லேப்டாப் எழுந்ததும் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒன்றிரண்டு வாரம் 'பாஸ்' செய்யுங்கள். இல்லையென்றால் அன்றிரவே அதே அப்டேட் திரும்ப ஏறும்.

சேஃப் மோடில் ஒழுங்காக ஓடி, சாதாரணமாகப் போட்டால் விழுகிறதா? அநேகமாக டிரைவர்தான், அதாவது லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள். அதிலும் திரைக்கான டிஸ்பிளே டிரைவர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்ததும் பழைய லேப்டாப்பை 11-க்கு மாற்றினவர்கள் முதலில் இங்கே பாருங்கள். 'டிவைஸ் மேனேஜர்', 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்', பிராப்பர்டீஸில் 'ரோல்பேக் டிரைவர்'. அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். டிரைவர் பத்திரமாக இருக்கிற இடம் அதுதான், கூகுளில் முதலில் வருகிற தளமல்ல.

அப்டேட்டைக் குற்றம் சொல்ல முடியாத இடமும் உண்டு. நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு (பிழைக் குறி) வந்தால் நினைவகமான ரேமைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டினால் சொல்லிவிடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கும். நெடுநாள் பழுத்த கோளாறு அப்டேட் ஓடுகிற சுமையில் வெளியே வரும். பழி மட்டும் அப்டேட்டுக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: தொடக்கத்தில் வருகிற கிரப் (GRUB) மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் பழைய மையப் பகுதியை, தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் எதுவுமே பலிக்கவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்'. புரோகிராம்கள் போகும், கோப்புகள் மிஞ்சும். பேக்கப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இப்போதைக்கு, இரண்டாவது செவ்வாய்க்கு முன்னால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, எடுத்ததும் அதைக் கழற்றி வையுங்கள். வணக்கம்.