விதானையார் என் புதுச் சாரத்தைக் கிழித்துவிட்டார்

வணக்கம் உறவுகளே. விசுவமடுவில் எங்கள் வளவுக்குள் நின்றுதான் பேசுகிறேன். இன்றைக்குப் பயிற்றங்காய்ப் பந்தலைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னர் இந்தச் சாரத்தைப் பாருங்கள். கடைக்காரர் 2,600 ரூபாய் சொல்ல, கால் மணித்தியாலம் நின்று பேசி 2,400 ரூபாய்க்குக் கிளிநொச்சியில் வாங்கினேன். 200 ரூபாய் குறைத்த கதையை அம்மம்மாவுக்கு மூன்றாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. கிழித்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

குஞ்சாக இருந்தபோது என் தோளில் ஏறி நின்றாரே, அதே செவலைச் சேவல் விதானையார்தான். ஐந்து மாதம் தாண்டிக் கூவத் தொடங்கியதும் குணம் மாறிவிட்டது. அந்தப் பருவத்தில் ஆண் ஓமோன் ஏறும். கைக்குள் வைத்துச் செல்லம் கொடுத்து வளர்த்த சேவலுக்கு மனிதரிடம் அச்சமும் இராது என்பதால், நம்மையும் போட்டிக்கு வந்த இன்னொரு சேவலாகவே எண்ணிக்கொள்ளும். இன்று காலை நான் குனிந்து தவிடு குழைத்துக்கொண்டிருந்தபோது, விதானையார் ஒரு செட்டையை நிலத்தில் உரசும்படி இறக்கி, பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தார். அது சண்டைக்கு அழைக்கும் அடையாளம் என்று தெரிந்திருந்தும், குறுணல் எடுக்கத் திரும்பி முதுகைக் காட்டியது என் பிழை.

தும்புத்தடியோடு நான் அவரைத் துரத்திய பழைய காணொளியைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா, அதுவும் பிழைதான். அடித்தால் நாமும் சண்டைக்கு இணங்கிவிட்டதாக அவர் கொள்வார். ஓடினால் தாம் வென்றதாகக் கொள்வார். வாளி மூடியைக் காலுக்கு முன்னால் பிடித்தபடி அசையாமல் நின்று, அவர் விலகிய பிறகே நகர வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன், சாரத்தோடு என் கெண்டைக்காலிலும் அவருடைய கால் முள் இறங்கியது. ஆழமான குத்துக்காயத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்பதால், சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஏற்புவலித் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது என் வெற்றிக்கு வருகிறேன். இருட்டில் கோழிகளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் ஏழரை மணிக்குக் கூட்டைத் திறந்து, குறுக்குத் தடியில் உறங்கியவரை இரண்டு செட்டைகளும் உடம்போடு ஒட்டும்படி அணைத்துத் தூக்கி, கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கிணற்றடிவரை பத்து நிமிடம் நடந்தேன். ஒரு சத்தம்கூட இல்லை! காலையில் உலகத்தையே மிரட்டியவரின் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடித்தது. ஒரே இரவில் திருந்திவிடுவார் என்று நான் நம்பவில்லை, நாள்தோறும் செய்ய வேண்டும்.

“கறி வையுங்கள்” என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கடும் கோபம். பருந்தின் நிழல் விழுந்தால் முதலில் குரல் கொடுத்துப் பேடுகளை எலுமிச்சைக்குக் கீழே விரட்டுவது இவர்தான். ஆனாலும் அக்காவின் நான்கு வயது மகன் வளவுக்குள் இறங்கும்போது இவர் கூட்டுக்குள்தான் இருப்பார்; அவன் கண்ணும் இவர் பாயும் உயரமும் ஒன்று. பிள்ளையின் முகத்துக்குப் பாய்ந்தால் நானும் இவருக்காகப் பரிந்து பேச மாட்டேன்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். எங்களிடம் ஆறுக்கு இரண்டு இருந்தன. முட்டைக்கு மட்டுமென்றால் சேவலே தேவையில்லை, அடை வைப்பதற்குத்தான் வேண்டும். ஆகவே இளையவரை ஒட்டுசுட்டானில் இருக்கும் சித்தியிடம் அனுப்பிவிட்டேன்.

நாளை இரவு முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கப் போகிறேன். உள்ளே இரத்தம் ஓடும் எலும்பு இருப்பதால் அடியோடு வெட்டக் கூடாது. அவரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அம்மம்மாவைக் கேட்டேன், முதலில் சாரத்தைத் தைத்து முடிக்கட்டுமாம்.